தாழ்ப்பாள் எட்டாத முதல் வகுப்பு

சாப்பாட்டு மணி அடித்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. திண்டிவனத்தில் என் மகள் வயிற்றுப் பேத்தி ஷெரின் படிக்கும் பள்ளியின் தாழ்வாரத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஷெரின் மட்டும் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, மூடியில் அச்சாகியிருந்ததைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏர் டைட். ஃபுட் கிரேடு. மேட் இன் இந்தியா."

பக்கத்தில் இருந்தவள் முன்பல் இரண்டும் விழுந்தவள். கேட்டுக் கேட்டுப் பொறுமை இழந்தாள்.

"படிச்சது போதும்டி. தொறந்து சாப்புடு."

"தொறக்க வரல."

"குடு இங்க."

கட்டை விரலால் ஒரே நெம்பு. மூடி திறந்துகொண்டது. உள்ளே எலுமிச்சைச் சாதம். ஷெரின் நாலாவது வாய் வைப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிட்டது. மூடியைப் பூட்டுவதற்கும் அவள் அந்தப் பிள்ளையிடம்தான் நீட்ட வேண்டியிருந்தது.

வீட்டில் விட்டுப்போன டைரியைக் கொடுக்க வந்திருந்த நான் கதவோரமாக நின்று இதையெல்லாம் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் இருபது நிமிடம் என்பது எனக்குத் தெரியும். அந்த மூடியைத் திறக்க அவளுக்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்பது தெரியாது. அவளை அந்த வகுப்பில் உட்கார வைத்தவன் நான்தான். விண்ணப்பம், முகப்புக் கடிதம், இணைப்புகள் என ஒன்று குறையாமல், முற்றிலும் முறைப்படி.

இணைப்பு இல்லை, திருப்பப்படுகிறது

இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகர், "நீங்கள் அலுவலகத்தில் ஏதாவது வேலை செய்ததுண்டா, வேடிக்கை மட்டும்தான் பார்த்தீர்களா?" என்று எழுதிக் கேட்டிருந்தார். செய்தேன் ஐயா. விழுப்புரத்தில், கல்வித் துறை அலுவலகத்தில், இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். என் மேசையைத் தாண்டிக் குறையுள்ள காகிதம் எதுவும் போனதில்லை. குறையில்லாத காகிதமும் அதிகம் போனதில்லை என்பார்கள், அது பொறாமை.

முதல் வகுப்பில் சேர ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். சில மாதங்கள் குறைந்தால் வயதுத் தளர்வு கேட்டு விண்ணப்பிக்கலாம். என் பிள்ளை சூட்டிகை, இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வருஷா வருஷம் மே மாதம் வந்துவிடுவார்கள்.

திருவாமாத்தூர் பக்கமிருந்து ஒருவர் மகளோடு வந்தது நினைவிருக்கிறது. கரும்பு வெட்டுக்குப் போகிறவர். அந்தப் பெண் என் மேசையில் என் பக்கம் திரும்பியிருந்த கோப்பின் பெயரைத் தலைகீழாகவே வாசித்தாள். நான் விண்ணப்பத்தை வாசித்தேன். பிறப்புச் சான்றின் நகலில் சான்றொப்பம் இல்லை. திருப்பினேன். மறுமுறை வந்தார். மருத்துவச் சான்று இல்லை. திருப்பினேன். மூன்றாம் முறை எல்லாவற்றோடும் வந்தார். படிவம் அந்த ஆண்டு மாறியிருந்தது. விண்ணப்பம் முழுமை அடைந்த அன்று பார்த்தால், குழந்தைக்கு வயது தானாகவே ஐந்து நிறைந்துவிட்டிருந்தது.

"பரவால்ல சார். இவ்ளோ தபா பஸ்ஸுல வந்ததுல எல்லா ஊர் போர்டும் படிச்சிட்டா" என்றார் அவர். அப்போது அவர் என்னைக் குத்திக்காட்டினாரா, பாராட்டினாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்படிப்பட்ட நானே, என் பேத்திக்குத் தளர்வு கேட்டு விண்ணப்பம் எழுதினேன்.

தூங்கும் குழந்தைக்குத் தகுதிச் சான்று

ஷெரின் மூன்றரை வயதில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். நான்கு முடிவதற்குள் செய்தித்தாளைத் தரையில் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு, திருமண விளம்பரம் வரை வாசித்தாள். எல்.கே.ஜி. முடித்த கையோடு யு.கே.ஜி.யைத் தாண்டி நேராக முதல் வகுப்பு என்று முடிவு செய்தது நான்.

என் மகள் ஸ்டெல்லா திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. வாரக் கடைசியில் வருவார். ஸ்டெல்லா ஆரம்பத்திலேயே தயங்கினாள்.

"அவளுக்கு இன்னும் ஷூ கூட போடத் தெரியலப்பா."

"ஷூ போடுவது பாடத்திட்டத்தில் இல்லை" என்றேன்.

இப்படிப் பேசினால் எதிராளி வாயடைத்துப் போவார் என்பதை அலுவலகத்தில் கற்றிருந்தேன். வாயடைத்துப் போனவர் ஒப்புக்கொண்டவர் என்றே எங்கள் கோப்புகளில் பதிவாகும்.

தேவைப்பட்டது ஒரு மருத்துவச் சான்று. வாசகத்தை நானே தட்டச்சு செய்தேன்: 'மேற்படி குழந்தை முதல் வகுப்பில் பயில்வதற்குரிய உடல் வளர்ச்சியும் தகுதியும் பெற்றுள்ளது எனச் சான்றளிக்கப்படுகிறது.' தெரிந்த மருத்துவரிடம் போனோம். ஷெரின் ஸ்டெல்லாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "தூங்கட்டும், பாவம்" என்று சொல்லிவிட்டு மருத்துவர் கையெழுத்துப் போட்டார். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

ஆணை ஒன்பதே நாளில் வந்தது. விழுப்புரம் ஓய்வூதியர் சங்கத்தில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன். "பேத்தி டபுள் புரமோஷனா?" என்று கேட்டவர்களிடம், "விதிமுறைக்கு உட்பட்டுத்தான்" என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டேன்.

காது எட்டினால் ஐந்து

பிறப்புச் சான்று எல்லோரிடமும் இல்லாத காலத்தில் வேறொரு முறை இருந்தது. பிள்ளை வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து. தொடாவிட்டால் அடுத்த வருஷம். தொட்டவர்கள் எல்லோருக்கும் தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு பிறந்த நாளைத் தருவார். எங்கள் அலுவலகத்தில் ஜூன் மாதம் வந்தால் கேக் தின்றே வயிறு கெட்டுப்போகும். பாதிப் பேர் அந்த மாதத்தில்தான் பிறந்திருந்தார்கள்.

எனக்குக் கோலியனூர் பள்ளியில்தான் காது பார்த்தார்கள். எனக்கு அப்போது நாலரை வயதுதான் இருக்கும் என்று என் அம்மா சொல்வார். ஆனால் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் கை நீண்டிருந்தது. காதைத் தொட்டதோடு நிற்காமல் கன்னத்தையும் சொறிந்து காட்டினேனாம். விளைவாக, பதிவேட்டின்படி ஓய்வு பெற்றபோது, உண்மையில் எனக்கு இன்னும் சில மாதச் சேவை பாக்கி இருந்தது.

பணியில் இருந்தவரை இந்த முறையை நான் கிண்டல் செய்து பேசாத கூட்டம் இல்லை. இப்போது யோசித்தால் ஒன்று உறைக்கிறது. அந்தத் தலைமையாசிரியர் பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, அதன் உடம்பைக் கண்ணால் பார்த்தார். நாங்கள் பார்த்தது முத்திரையை.

நிரம்பியபடி திரும்பிய பாட்டில்

ஜூலையில் வாரம் இரண்டு நாள் நான் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய், ஷெரினைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவேன். வீட்டுக்கு வந்ததும் பையைக் காலி செய்வது என் வேலை. தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பிய அளவிலேயே இருந்தது. முதல் நாள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே.

"ஏம்மா தண்ணியே குடிக்கல?"

அவள் வாரப் பத்திரிகையில் ஒரு பக்கக் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"குடிச்சா பாத்ரூம் வரும் தாத்தா."

"வந்தா போக வேண்டியதுதானே?"

"தாப்பா மேல இருக்கு. எட்டல. சும்மா சாத்தினா கதவு தொறந்துக்குது. அக்காங்கல்லாம் பாத்து சிரிக்கறாங்க." பக்கத்தைத் திருப்பினாள். "அதான் குடிக்கறதில்ல. கரெக்டுதான?"

அவள் கணக்கில் பிழையே இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

பள்ளிக் கழிப்பறைகள் பற்றி ஒரு விவரப் படிவம் உண்டு. கழிப்பறை உள்ளதா, தண்ணீர் வருகிறதா, கதவு உள்ளதா? மூன்று கேள்விகள், மூன்று 'ஆம்'. தாழ்ப்பாள் எந்த உயரத்தில் என்று ஒரு வரி கிடையாது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஷெரினுக்குக் காய்ச்சல். சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அழுதாள். ஸ்டெல்லா தன் பரிசோதனை நிலையத்துக்கே அழைத்துக்கொண்டு போய், தானே பரிசோதித்து, தானே முடிவை எழுதிக்கொண்டு வந்தாள். கிருமித் தொற்று. ஐந்து நாள் மருந்தில் சரியாகிவிடும் என்றார் மருத்துவர், சரியும் ஆகிவிட்டது. ஆனால் அன்று மாலை ஸ்டெல்லா அந்தத் தாளை என் கையில் கொடுத்த விதம் எனக்கு இன்னும் சரியாகவில்லை.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ரிசல்ட் எழுதறேன். என் பொண்ணுக்கும் என் கையால எழுத வெச்சிட்டீங்களேப்பா."

"தாழ்ப்பாளைக் கீழே இறக்கச் சொல்லிவிடலாம்..."

"தாப்பாளை எறக்க வேணாம். இவள எறக்குங்க."

"ஆணை வாங்கியாச்சேம்மா."

"ஆர்டர் உங்களுக்கு. மூத்திரம் அவளுக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மருந்து முடிந்த மறுநாள் காலை ஷெரின் எழுந்ததும், பள்ளிக்கூடம் லீவா என்று கேட்டாள். காய்ச்சல் விட்டுவிட்டது, போகலாம் என்றேன். "இன்னும் கொஞ்சம் காய்ச்சல் இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். பள்ளிப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய பிள்ளை அவள். அன்றைக்குத்தான் எனக்கு முழுமையாகப் புரிந்தது, கையை விட்டுப் போய்க்கொண்டிருப்பது என்ன என்று.

வேப்ப மரத்தடியில்

தலைமையாசிரியை நிர்மலா டீச்சர் கூட்டேரிப்பட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். முதல் வகுப்பை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே வைத்திருப்பவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"தப்பு எங்க பேர்லதான் சார். இன்னிக்கே ஆசாரிய வரச் சொல்லி தாப்பாள எறக்கிடறேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. தாழ்ப்பாள் இறங்கினால் ஆணை பிழைத்துக்கொள்ளும்.

"அப்படியென்றால் முதல் வகுப்பிலேயே தொடரலாம்தானே, டீச்சர்?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "கொஞ்சம் வெளிய வாங்க சார்."

பி.டி. நேரம். வேப்ப மரத்தடியில் முதல் வகுப்பு ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் ஷெரினைக் கூப்பிட்டு ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். ஒன்று குதித்தாள். இரண்டாவதில் கை இரண்டும் காற்றில் துழாவின. மூன்றாவதில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"எனக்கு நொண்டின்னு எழுத வரும் மிஸ். அடிக்கத்தான் வரல."

பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டார். ஷெரின் கண்ணை மூடிக்கொண்டு கைகளை நீட்டினாள். பந்து அவள் நெஞ்சில் பட்டு உருண்டது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிப் போடச் சொன்னார். கழற்றினாள், போட வரவில்லை. முன்பல் இல்லாத அந்தத் தோழி, யாரும் சொல்லாமலே வந்து போட்டுவிட்டுப் போனாள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல டெஸ்க் மேல தலைய வெச்சிடுவா சார். நாலு வரி எழுதினா கை வலிக்குதுன்னு ஒதறிக்கினு இருப்பா. என்ன எழுதணும்னு எனக்கு முன்னாடி அவ சொல்லிடுவா, அது வேற. வெரல் தாங்கணுமே."

"ஒற்றைக் காலில் குதிப்பதற்கும் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம், டீச்சர்?"

"ஒடம்பு நேரா நிமிந்து உக்காந்தாதான சார் கை எழுதும்? எங்க நீங்க ஒரு தபா ஒத்தக் கால்ல நில்லுங்க."

நின்றேன். வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்காமல் நில்லுங்கள் என்றார். ஐந்து எண்ணுவதற்குள் மறுகால் தானாகத் தரைக்கு வந்துவிட்டது. மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது.

"சாரும் யு.கே.ஜி.தான்" என்றார் டீச்சர். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் காகம் ஒன்று கிளையை விட்டுப் பறந்தது.

ஷெரின் சிரிக்கவில்லை. யு.கே.ஜி. என்ற அந்தச் சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். டீச்சரின் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் ஃபெயிலா மிஸ்?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லா வகைக் கேள்விக்கும் பதில் வரைவு எழுதியவன் நான். பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன். டீச்சர் குந்தி உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேராக வந்தார்.

"பரீட்சையே வெக்கலியே, எப்பிடி ஃபெயிலாவ? உன் மூளை ஜல்தியா ஓடி வந்துடுச்சி. கையும் காலும் பின்னாடி நடந்து வந்துக்கினு இருக்கு. அதுங்க வர்ற வரைக்கும் நீ நிக்க மாட்டியா?"

ஷெரின் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"அதுங்க பஸ்ல வரக்கூடாதா?"

"டிக்கெட் கெடைக்கல" என்றார் டீச்சர்.

பென்சில் எழுத்து

மறுநாள் நான் தயாராகப் போனேன். முதல் வகுப்புச் சேர்க்கையை ரத்து செய்து மழலையர் வகுப்புக்கு மாற்றக் கோரும் மனு, நான்கு பக்கம், இணைப்புகள் ஆறு. ஏற்றுவதற்குப் படிவம் உண்டு. இறக்குவதற்கு எங்கள் துறையில் படிவம் கிடையாது என்பதால், நானே ஒன்றை வடிவமைத்திருந்தேன். மனு மேலே போக வேண்டும், குறிப்பு எழுதப்பட வேண்டும், விளக்கம் கேட்பார்கள். எப்படியும் அரையாண்டுத் தேர்வு ஆகிவிடும். அதுவரை ஷெரின் எங்கே உட்காருவாள் என்பதற்குக்கூட ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன்.

நிர்மலா டீச்சர் நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு பீரோவைத் திறந்து, சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்து என் முன் வைத்தார்.

சேர்க்கைப் பதிவேடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பிள்ளை பள்ளியில் இருப்பதற்கு அதுதான் ஆதாரம். அழியாத மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும். அடித்தால் சுருக்கொப்பம் வேண்டும். எத்தனையோ தலைமையாசிரியர்களுக்கு இதற்காகவே விளக்கம் கேட்டு நான் குறிப்பாணை வரைந்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் எல்லாப் பெயரும் நீல மையில் இருந்தன. ஷெரினின் பெயர் மட்டும் பென்சிலில் இருந்தது.

"டீச்சர், இது..."

"வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் பென்சில்லதான் சார் இருப்பாங்க. காலாண்டு லீவு வரைக்கும் பாப்பேன். ஒட்டிக்கிட்டா மை. ஒட்டலைன்னா ரப்பர். இவ மொத நாளே சொருகற செருப்ப வலது எடது மாத்திப் போட்டுக்கினு வந்தா. அப்பவே எனக்கு டவுட்டு."

"ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்த்தால்?"

"அவங்க கடைசிப் பக்கத்துல மொத்தம் கூட்டியிருக்கான்னுதான் சார் பாப்பாங்க. நீங்க கூட ஒரு தபா வந்து பாத்துட்டு, பதிவேடு நல்லா பராமரிக்கறீங்கன்னு எழுதிக் குடுத்தீங்க. அன்னிக்கு அதுல மூணு பேர் பென்சில்ல இருந்தாங்க."

எனக்கு நினைவில்லை. இருந்திருக்கும்.

டீச்சர் ரப்பரை எடுத்தார். நாலைந்து தேய்ப்பு. துகளை வாயால் ஊதினார். என் ஒன்பது நாள் ஆணையும் நான்கு பக்க மனுவும் முடிந்து போயின. ஆணையின் நகலை என்ன செய்வது என்று கேட்டேன். வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் அவளுக்கு அது தேவைப்படாது என்றார்.

ஓய்வூதியர் சங்கத்தில் விஷயத்தைச் சொல்ல எனக்குப் பத்து நாள் பிடித்தது. "நிர்வாகக் காரணங்களுக்காக" என்று சொன்னேன். எல்லோரும் அலுவலகத்தில் இருந்தவர்கள் என்பதால் மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

பாட்டு நின்றால்

யு.கே.ஜி. அதே வளாகத்தில், பின்பக்கக் கட்டடத்தில். முதல் இரண்டு நாள் ஷெரின் உம்மென்று போய் உம்மென்று வந்தாள். பாடம் எல்லாம் தெரிந்ததாகவே இருக்கிறது என்று குறைப்பட்டாள். களிமண்ணில் பாம்பு உருட்டச் சொல்கிறார்கள், மணி கோக்கச் சொல்கிறார்கள், மத்தியானம் பாய் விரித்துத் தூங்கச் சொல்கிறார்கள். இதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்டாள். தூங்கினாயா என்றேன். "நல்லா" என்றாள்.

அடுத்த வாரம் நான் போனபோது, வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். பாதி வழியில் நின்று, "இரு தாத்தா, பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். அங்கே தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

தாழ்ப்பாளே இல்லை. ஆணி அடித்த தடம்கூட இல்லை. சாத்திய கதவுக்கு வெளியே ரிப்பன் கட்டிய ஒரு பிள்ளை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தியது.

உள்ளேயிருந்து ஷெரினின் குரல் வந்தது. "யாருடி?"

"உன் தாத்தா."

"அங்கயே நிக்கச் சொல்லு. நீ பாடு."

அது மறுபடி பாட ஆரம்பித்தது. நான் அவள் சொன்ன இடத்திலேயே நின்றேன்.

பஸ் நிலையம் வரை ஷெரின் எனக்கு நடைமுறையை விளக்கிக்கொண்டு வந்தாள். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே பாட வேண்டும். பாட்டு நின்றால் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். தனக்குப் பாட்டு அவ்வளவாக வராது என்பதால், தன் முறை வரும்போது வாய்ப்பாடு சொல்வதாகச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் சொல்லணும்?"

"அவளுக்கு ரெண்டாம் வாய்ப்பாடே போதும் தாத்தா. நேத்து மட்டும் அவ அவிச்ச மல்லாட்டை நெறைய துன்னுட்டு வந்துட்டா. ஒம்போதாம் வாய்ப்பாடு வரைக்கும் போயிடுச்சி."